எச்பி-67 கார்டு ரீடர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு பசங்க ஆளுக்கொரு எச்பி-67 தூக்கிட்டு வந்து நின்னானுங்க. எச்பி-67ன்னா, ப்ரோக்ராம காந்தப் பட்டை கார்டுல எழுதி வச்சு திரும்ப படிக்கிற பழைய கால்குலேட்டர். ஒருத்தன் மோல்மேன்ல இருந்து ராத்திரி பஸ் புடிச்சு வந்தவன், இன்னொருத்தன் இங்கயே யாங்கோன்ல பபேடான் பக்கம். ரெண்டு மெஷின்லயும் கார்டு பாதி உள்ள பாதி வெளிய மாட்டிக்கிட்டு பல்லிளிக்குது. என்னடா பண்ணீங்கன்னு கேட்டா சொல்லி வச்ச மாதிரி ஒரே பதில், "ஓடுதான்னு ஒரு கார்டு போட்டு பாத்தேண்ணே". எனக்கு திட்டவும் வாய் வரல, ஏன்னா நான் முதல் மெஷின தொட்டப்ப அதேதான் பண்ணேன்.

ஸ்க்ரூவ கிண்ணத்துல போட்டு வைங்க, பேட்டரிய கழட்டிட்டு தொறங்க, இதெல்லாம் எழுதி யாரோட நேரத்தையும் வீணாக்கப் போறதில்ல.

ஓடுதான்னு பாக்க கார்டு போடுறது

உள்ள இருக்குறது சின்ன விஷயம்தான். ஒரு குட்டி மோட்டார், வார்ம் கியர்னு திருகு மாதிரி ஒரு பல்லு, ஒரு ரப்பர் உருளை, கார்ட படிக்கவும் எழுதவும் ஒரு ஹெட்டு. கார்ட நீட்டுனா உருளை அத கவ்வி இழுத்து ஹெட்டு மேல ஓட்டிட்டு அந்தப் பக்கம் துப்பும். ஆனா இந்த மெஷின் வந்தது 1976-ல, அந்த ரப்பருக்கு வயசு என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. நான் தொறந்ததுல ஒண்ணுல கூட பழைய உருளை உருப்படியா இருந்ததில்ல. பனவெல்லத்த காய்ச்சி பாதில எறக்குன பதத்துல கருப்பா ஒழுகி கெடக்கும், குச்சியால தொட்டா நூல் நூலா வரும். அதுக்குள்ள கார்ட விட்டா என்ன ஆகும்? கார்டு மேல பசை, அது அப்பிக்கிட்டே போயி ஹெட்டு மேல பசை, மோட்டார் முக்கும், கியர் பல்லு மொண்ணையாகும். கார்டு உள்ள நிக்கிற வரைக்கும் மோட்டார் ஓடிக்கிட்டே வேற இருக்கும்.

மாட்டிக்கிட்டா இழுக்காதீங்க. மொதல்ல பேட்டரிய புடுங்குங்க, அப்புறம் தொறந்து ரீடர வெளிய எடுத்து, வார்ம் கியர விரலால கொஞ்சம் கொஞ்சமா திருப்பி கார்ட வெளிய வாங்குங்க. பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். ரீடர பிரிக்கிறப்ப கடுகு மாதிரி குட்டி உருண்டைங்க சுவிட்சுக்கு அடில இருந்து உருளும், கீழ வெள்ளத் துணி விரிச்சுட்டு பிரிங்க.

அடுத்தவங்க கார்ட வச்சு டெஸ்ட் பண்றது

இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியிற சமாச்சாரம்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் சிரியத்துல ஒரு பெரியவரு, கப்பல்ல ஆபீசரா இருந்தவரு, தன்னோட 67-அ என்கிட்ட குடுத்தாரு. கூட ஒரு தகர டப்பால பதினோரு கார்டு. அதுல ஒண்ணுல அவரே எழுதுன ப்ரோக்ராம், நட்சத்திரத்த செக்ஸ்டன்ட்ல, அதான் கோணம் அளக்குற கருவில பாத்து கப்பல் எங்க நிக்குதுன்னு கண்டுபுடிக்கிறது. நானும் பசைய எல்லாம் ஆல்கஹால்ல தொடச்சு எடுத்து, மீன் தொட்டி கடைல வாங்குன சிலிக்கான் டியூப்ப துண்டு போட்டு உருளைக்கு மாட்டி, மூடி, ஆன் பண்ணி, டப்பாவ தொறந்து கைல அகப்பட்ட கார்ட எடுத்து விட்டேன். சர்ருன்னு போயி அந்தப் பக்கம் வந்துச்சு. சத்தியமா சொல்றேன், எழுந்து நின்னு கை தட்டிக்கிட்டேன், கீழ டீக்கடைல போயி ஒரு லபெயே சொல்லிட்டு பெருமையா உக்காந்து குடிச்சேன்.

திரும்பி வந்து பாத்தா டிஸ்ப்ளேல 000 நிக்குது. மெஷின்ல ஒரு சுவிட்சு இருக்கு, ஒரு பக்கம் ரன், இன்னொரு பக்கம் டபிள்யூ-ப்ரோக்ராம். ரன் பக்கம் இருந்தா 0.00 நின்னிருக்கணும். மெஷின பொரட்டி பொரட்டி வேலை பாத்ததுல அந்த சுவிட்சு எப்பயோ டபிள்யூ-ப்ரோக்ராம் பக்கம் தள்ளிருச்சு, அந்தப் பக்கம் இருந்தா அது கார்ட படிக்காது, மெஷின் நெனப்புல இருக்கிறத கார்டு மேல எழுதும். அப்பதான் ஆன் பண்ண மெஷின், நெனப்புல என்ன இருக்கும், வெறும் காத்து. பெரியவரோட கார்டு மேல வெறும் காத்த எழுதிட்டேன். 224 ஸ்டெப் வரைக்கும் புடிக்கிற கார்டு. கார்டோட மூலைய கத்தரிச்சு விட்டிருந்தாருன்னா மெஷின் எர்ரர்னு காட்டிட்டு எழுதாம விட்டிருக்கும், ஆனா அவரு கத்தரிக்கல, அது அவரு தப்பும் இல்ல.

இதுல கொடுமை என்னன்னா ரன்ல வச்சு திரும்ப விட்டா, நான் எழுதுன வெறும் காத்த மெஷின் அழகா படிச்சுது. எர்ரர்னு வந்திருந்தாலாவது ஹெட்டு அழுக்குன்னு மனச தேத்திக்கலாம்.

அவரு வந்தாரு, சொன்னேன். ஒரு வார்த்த திட்டல, அதுதான் இன்னும் வலி. மறுநாள் ஒரு பழைய எக்ஸர்சைஸ் நோட்டு கொண்டாந்தாரு, அமுக்க வேண்டிய பட்டனோட நம்பர் எல்லாம் அதுல இருந்துச்சு, முதல் வரி 31 25 11, அதாவது எஃப், லேபிள், ஏ. அப்டியே வரிசையா பென்சில்ல. அவரு படிக்க நான் அமுக்க. நடுவுல ரெண்டு பக்கம் செல்லரிச்சிருக்கு. அந்த ரெண்டு பக்கத்த அவரு ஞாபகத்துல இருந்து மறுபடி கட்டுறதுக்கு மூணு வாரம், தினம் சாயங்காலம் சிரியத்துல இருந்து பாலம் தாண்டி வந்துட்டு போனாரு, அவருக்கு அப்ப எழுபத்தஞ்சு வயசு. கூலி வாங்கலன்னு சொல்லவே வேணாம்.

அதனால, டெஸ்ட்டுக்குன்னு சொந்தமா ரெண்டு கார்டு வச்சுக்குங்க. அதுலயே எழுதுங்க, அதுலயே படிங்க, பத்து தடவ ஒழுங்கா ஓடுனதுக்கு அப்புறம்தான் சொந்தக்காரர் கார்ட தொடணும், அதுவும் டிஸ்ப்ளேல புள்ளி இருக்கான்னு பாத்துட்டு. ரெண்டு சைபருக்கு முன்னாடி ஒரு புள்ளி, அவ்ளோதான். அத பாக்காம போனேன்.

டியூப் தடிமன்

தடிச்சுப் போச்சுன்னா கார்டு உள்ள போயி நின்னுக்கும், மெலிஞ்சா வழுக்கும். பழைய பசைய அளந்து பிரயோஜனமில்ல, அதுதான் உருகிருச்சே. ரெண்டு மூணு சைஸ் வாங்கி மாத்தி மாத்தி போட்டு பாக்குறதுதான். நல்லா இருந்தா கார்டு போற சத்தம் ஒரே சீரா கேக்கும், நடுவுல மூச்சு வாங்குனா மறுபடி கழட்டுங்க.

அசிட்டோன்

வேணாம். பிளாஸ்டிக்க கரைச்சிரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பொறுமையும் போதும்.

காந்தம் வச்ச ஸ்க்ரூடிரைவர்

ஹெட்டு பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. கார்டு டப்பா பக்கத்துலயும்.

பேட்டரி இல்லாம சார்ஜர்

பேட்டரிதான் செத்துருச்சே, நேரா சார்ஜர்ல ஓட்டிக்கலாம்னு தோணும். இந்த மாடல்ல பேட்டரி இல்லாம சார்ஜர் குடுத்தா உள்ள இருக்கிற சர்க்யூட் போயிரும். நம்ம ஊரு கரண்ட் போயி போயி வர்ற லட்சணத்துக்கு கேக்கவே வேணாம். உள்ள இருக்கிறது மூணு நிக்கல்-காட்மியம் செல்லு, புதுசு போட்டு கட்டிக்குங்க, அப்புறம் மத்தத பாக்கலாம்.

பபேடான் தம்பி மெஷின் ரெடி, எடுத்துட்டு போயிட்டான். மோல்மேன்காரனோடது கியர் பல்லு போயி இன்னும் என் மேசைலதான் கெடக்கு. அவனோட ஏழு கார்டையும் தனியா கட்டி வச்சுட்டேன், சுவிட்ச ரன் பக்கம் தள்ளி மேல டேப் ஒட்டியாச்சு.