துணிப் பூ செய்யலாம்: நடுவில் ஓட்டை விழாமல் இதழ் சேர்க்கும் முறை

எங்கள் கைவினைக் குழுவில் துணிப் பூ செய்ய உட்கார்ந்தால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஐந்து இதழையும் அழகாகத் தைத்துவிடுவார்கள், வட்டமாகச் சேர்த்து இழுத்தால் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. எனக்கும் இதன் காரணம் பிடிபட நாளாயிற்று, அதனால் அந்தப் படியை மட்டும் விரிவாகவே சொல்கிறேன்.

துணி: மெல்லிய காட்டன்தான் என் முதல் தேர்வு. சாட்டின் பார்க்கப் பளபளப்பு, ஆனால் கையில் வழுக்கும், முதல் பூவுக்கு வேண்டாம். ஜீன்ஸ் மாதிரித் தடித்த துணி சுருங்கவே சுருங்காது. வெட்டும் முன் இஸ்திரி போட்டுவிடுங்கள்.

வெட்டுவது: அட்டையில் 7 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, அதை வைத்து வரைந்து ஐந்து துணி வட்டங்கள். துணிக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டவே வெட்டாதீர்கள், முனை மழுங்கிவிடும்.

தைப்பது: ஒன்றரை மீட்டர் நூலை ஊசியில் கோத்து இரட்டையாக்கி முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்குக் கீழே ஒரு பத்து செ.மீ. வால் விடுங்கள், கடைசியில் வேண்டும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், சாதாரணப் பருத்தி நூல் இழுக்கிற இழுப்பில் அறுந்துவிடுகிறது. வட்டத்தைப் பாதியாக மடித்து, வளைந்த விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே, இரண்டு மடிப்பையும் சேர்த்து ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேராகக் குத்தி எடுத்துப் போகும் தையல்) போட்டுக்கொண்டே போங்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடித்து, நூலை வெட்டாமல் அப்படியே அடுத்த இதழுக்குப் போக வேண்டும். தைத்த இதழை லேசாகச் சுருக்கி முடிச்சுப் பக்கம் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

இப்போது அந்த ஓட்டை விஷயம். தையல் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே அது நேர்மாறு. ஒரு இதழின் வளைவு மட்டுமே கிட்டத்தட்ட 11 செ.மீ., ஐந்துக்கும் சேர்த்து 55. பொடித் தையல் போட்டால் அத்தனை நீளமும் எண்ணற்ற குட்டி மடிப்புகளாகி நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் மூடாது. தையல் ஒவ்வொன்றும் 6, 7 மி.மீ. இருந்தால் மடிப்பு குறைவு, ஆழம் அதிகம், துணி ஒன்றுக்குள் ஒன்று படிந்து நடு இறுகிவிடும். சரி, இழுப்பதற்கு முன் இன்னொன்று: ஐந்தும் தைத்ததும் ஊசியை முதல் இதழின் தொடக்க முனையில் ஒருமுறை குத்தி எடுங்கள், அப்போதுதான் ஐந்தாவதும் முதலும் ஒட்டி நிற்கும். பூவை மேசையில் தட்டையாக வைத்து, புரண்ட இதழ் இருந்தால் திருப்பிவிட்டு, வாலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நூலை மெதுவாக இழுங்கள். வாலோடு சேர்த்து இரண்டு முடிச்சு.

நடுவில் ஒரு பொத்தான், பின்னால் வட்டமாக வெட்டிய ஃபெல்ட் துணி. க்ளூ கன் சீக்கிரம் வேலை முடிக்கும்தான், ஆனால் துணியில் பசை விறைத்துப் போவது எனக்குப் பிடிக்காது, நான் தைத்தே விடுவேன். தலையில் வைக்கும் கிளிப்புக்கு மட்டும் பசை.

குழுவாகச் செய்யும்போது ஆளுக்கு ஓர் இதழ் என்று பிரிக்க வேண்டாம். ஒவ்வொருவர் கை இழுப்பும் வேறு, பூ கோணலாகிவிடும். வெட்டுவதைப் பிரித்துக்கொள்ளுங்கள், தைப்பது ஒரு பூவுக்கு ஒரே கை.

பின்சேர்க்கை: மெழுகுவர்த்தியில் விளிம்பைச் சுருட்டிச் செய்யும் பூவுக்கும் இதே துணி ஆகுமா என்று குழுவில் கேட்டார்கள். காட்டன் ஆகாது, உருகாமல் எரிந்து சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் சாட்டினோ, பாலியஸ்டர் ஆர்கன்சாவோ (மெல்லிய, ஊடுருவித் தெரியும் துணி) வேண்டும். எது என்று தெரியாவிட்டால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே சுடரில் காட்டுங்கள். சுருங்கிக் கெட்டியான உருண்டையாக நின்றால் பாலியஸ்டர், காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் காட்டன். உருண்டையை உடனே தொட வேண்டாம், தோலில் ஒட்டிச் சுடும்.