வெள்ளம் வடிந்தபின் பக்கத்து வீட்டுக்குப் போனால்

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டிலிருந்து நானே "பரவாயில்லைங்க" என்றவன்தான். துடைப்பமும் வாளியுமாகப் போய் நின்று, "முதல்ல எந்த ரூம்?" என்று கேளுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று தெரியாமல் ஈரத்தரையில் கால் வைக்க வேண்டாம். நனைந்த மெத்தை, துணிமணிகளை அன்றே வெளியே எடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் குப்பையில் போடாதீர்கள். எங்களுக்கு உதவ வந்தவர் ஊறிப்போன கல்யாண ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். நல்ல மனுஷர், என்ன சொல்வது? ஒட்டிய படங்களைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்திருக்கலாம்.

குடிதண்ணீர் தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்கட்டும். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி.

பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போங்கள். அதற்குள் மற்றவர்கள் வருவது நின்றிருக்கும்.