சிடிசியைப் பார்த்து பேரம் பேசாதீர்கள்

ஆஃபர் வந்ததும் எச்ஆரிடம் மாதவாரியான சம்பளப் பிரிப்பைக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் கேட்பதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம். சிடிசி (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 12 லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 என்று வையுங்கள். வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்து மாறும் பகுதி) சிடிசியில் 10% என்றால் 1,20,000; ஆண்டு அடிப்படைச் சம்பளத்தில் கம்பெனி பங்கு பிஎஃப் 12% வீதம் 57,600, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81% வீதம் சுமார் 23,000. இவை போனால் ஆண்டுக்கு உறுதியான தொகை (ஃபிக்ஸட்) 10 லட்சத்தைத் தொடாது. உங்கள் பங்கு பிஎஃபும் வரியும் அதிலிருந்துதான் பிடிப்பார்கள்.

பழைய சம்பளத்தையும் இதே கணக்கில் போட்டு ஒப்பிடுங்கள். உயர்வு சொற்பமென்றால் 'ஃபிக்ஸடில் இவ்வளவு கூட்டுங்கள்' என்று தொகையோடு, கையெழுத்துக்கு முன்பே மெயிலில் கேளுங்கள். வேரியபிளைக் கூட்டிக் காட்டி மழுப்புவது வழக்கம்; மயங்க வேண்டாம்.

அரசு வேலை, கேம்பஸ் தேர்வு இரண்டிலும் சம்பளம் முன்பே நிர்ணயித்தது. அங்கே இது செல்லாது.