கடைவாய்ப்பல் போன பிறகு பலரும் செய்யும் தவறுகள்

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். அதையும் விழுந்து முளைக்கும் பல் என்று நினைத்துச் சொத்தையைக் கவனிக்காமல் விடுவதால், பலருக்கும் முதலில் பிடுங்க வேண்டி வருவது அதைத்தான். பிடுங்கிய பிறகு, "பின்னாலதானே, சிரிச்சா தெரியாது" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் நேராக, தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் இம்பிளான்ட் பல்லின் விலையை விசாரிக்கிறார்கள். இரு தரப்பும் ஈறை மறந்துவிடுகிறார்கள்.

பல் எதனால் போனது என்று கேட்காமலே மாற்றுப் பல்லுக்குப் போவதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். ஆடி ஆடி விழுந்த பல் என்றால், ஈறு நோய் எலும்பை அரித்திருக்கிறது என்று பொருள். அது பக்கத்துப் பல்லை மட்டும் விட்டுவைத்திருக்காது. இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. துலக்கித் துப்பும்போது ரத்தம், போகாத வாய்நாற்றம், கறித்துணுக்கு எப்போதும் ஒரே இடுக்கில் போய் மாட்டுவது, இவைதான் அறிகுறிகள். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்தப் பக்கத்தைத் துலக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து வீக்கம் இன்னும் கூடும்.

"க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்ற பயமும் வீண். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை, அதில் படிந்து இறுகிய அழுக்கான காரைதான் சிமெண்ட் பூசியதுபோல் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாகக் கவலையில்லை. அதற்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து, ஈறு இறுகியதா என்று பார்த்த பிறகுதான் மாற்றுப் பல் பேச்சை எடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், புகையை விடாவிட்டாலும் ஈறு ஆறுவது கடினம்.

அதற்காக வருஷக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பின் அகலம் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாயும், எதிர்ப்பல் வெற்றிடத்துக்குள் இறங்கும். சாய்ந்த பல்லின் அடியில் பிரஷ் எட்டாத பள்ளம் விழும், அங்கே ஈறு நோய் தொடங்கும்.

ஒவ்வொரு சிகிச்சையிலும் மக்கள் சறுக்கும் இடம் வேறு. பக்கத்துப் பற்களின் மேல் உறை மாட்டி நடுவில் பல்லைத் தாங்கவைக்கும் பிரிட்ஜ் போட இருபக்கமும் உறுதியான பல் வேண்டும்; சொத்தையே இல்லாத பல்லையும் ராவ வேண்டி வரும். கடைசிப் பல்லே போயிருந்தால் பின்னால் தாங்க ஆளில்லை. போட்ட பிறகு பிரிட்ஜின் அடியில் நூலோ சிறு பிரஷோ விட்டுத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் தாங்கும் பல்லும் போகும். இம்பிளான்ட் டைட்டானியம், அதில் சொத்தை விழாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரைவது இம்பிளான்ட்டிலும் நடக்கும். கீழ்த்தாடையில் நரம்பும் மேல்தாடையில் சைனஸ் அறையும் அருகிலேயே இருப்பதால், ஸ்கேனில் எலும்பின் உயரத்தைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. கழற்றி மாட்டும் செட்டுக்குச் செலவு குறைவு. ஆனால் இரவில் கழற்றித் தண்ணீரில் போடாமல் அப்படியே தூங்கினால் அடியிலுள்ள ஈறு புண்ணாகும்.

ஒரே நாளில் பிளாஸ்டிக் பல்லைக் கம்பி கட்டிப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொடுக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். கழற்றவே முடியாத அந்தப் பல்லுக்கு அடியில் அழுக்கு தங்கி, நல்லாயிருந்த பற்களும் சேர்ந்து ஆடத் தொடங்கும். பணம்தான் சிக்கல் என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஈறு சிகிச்சைக்கென்று அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.

போன பல்லையெல்லாம் கட்டியே தீர வேண்டும் என்பதும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கய்ஸர் என்ற பல் மருத்துவர், கடைவாய்ப்பற்கள் இல்லாமலும் முன்னுள்ள 20 பற்கள் நன்றாக இருந்தால் பலருக்கு அதுவே போதும் என்று 1981-இல் எழுதினார். ஞானப்பல் போனால் மாற்றுப் பல் தேவையே இல்லை. இரண்டாம் கடைவாய்ப்பல் மட்டும் போயிருந்து, எதிர்ப்பல் இறங்காமல் இருந்தால், பார்த்துக்கொண்டு இருப்பதும் ஒரு முடிவுதான்.

சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டும் போகக் கூடாது. மருந்துச்சீட்டை எடுத்துப் போய்ப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.