மெட்டடார் வேனுக்குள் கேஸ் அடுப்பு: முதலில் வடிகால், அப்புறம் குழாய்

நவக்கிரகக் கோவில் சுற்று, வேளாங்கண்ணி, பூம்புகார் என்று குடும்பத்தோடு போய்வர கும்பகோணத்தில் பழைய மெட்டடார் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கையும் ஓர் அடுப்பு மேடையும் போட்டோம். மர வேலைக்கும் பெயின்டுக்கும் யோசனை சொல்ல ஊரே வரும், கேஸ் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "வீட்ல வைக்கிற மாதிரிதானே?" இல்லைங்க. வீட்டு சிலிண்டர் மூலையில் அசையாமல் நிற்கிறது, இது வழியெல்லாம் குலுங்குகிறது. போதாக்குறைக்கு வேனில் அடுப்படியும் படுக்கையறையும் ஒன்றேதான். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அதுவும் கோவில் பார்க்க வந்த கூட்டம்தான், விதியை மீறி சிலிண்டரை உள்ளே ஏற்றி வந்திருந்தார்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். அங்கே பெரும்பாலும் புரொபேன் மட்டும் வைத்த டேங்க், ஏனென்றால் பியூட்டேன் பூஜ்யம் டிகிரி குளிரில் ஆவியாகாது, புரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும். நமக்கு வருவது இரண்டும் கலந்த எல்பிஜி, தஞ்சாவூர் மார்கழிக்கு அது தாராளம். ஆனால் இரண்டுமே காற்றைவிடக் கனம், புரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிந்த கேஸ் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளம் தேடும். வாய்க்கால் மட்டும் வெட்டி வடிகால் விடாத வயல் என்ன ஆகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனிலும் அதேதான், குழாயைப் பளபளவென்று போட்டுவிட்டு வடிகாலை மறந்துவிடுகிறார்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே ஒரு பொறி போதும்.

அதனால் முதல் வேலை சிலிண்டர் பெட்டி. அதன் கதவு வேனுக்கு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்பக்கம் ஓர் ஊசி நுழையும் இடைவெளிகூட இல்லாமல் அடைத்துவிடுங்கள். பெட்டியின் அடித்தட்டில், நேராக மண்ணைப் பார்த்த மாதிரி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டராவது ஓட்டை வேண்டும், பக்கத்தில் சைலன்சர் இருக்கக் கூடாது. எலி நுழையாத கம்பி வலை அடியுங்கள், கொசுவலை வேண்டாம், ஒரு மழை நாள் ஓட்டத்திலேயே சேற்றில் அடைந்துவிடும். பெட்டிக்குள் பேட்டரி, சுவிட்ச், பல்பு எதுவும் கூடாது.

எங்கள் மாமா என்ன செய்தார் தெரியுமா? தூசி வருகிறது, கரப்பான் வருகிறது என்று அந்த ஓட்டையில் சாக்கை அடைத்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. வேளாங்கண்ணியில் காலையில் காபி போடலாம் என்று சிலிண்டர் பெட்டிக் கதவைத் திறந்தேன், குப்பென்று மூஞ்சியில் அடித்தது. ரெகுலேட்டர் சரியாக உட்காராமல் ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கிறது. உள்பக்கம் அடைத்திருந்ததால் படுத்திருந்தவர்கள் பிழைத்தோம், கீழே அடைத்திருந்ததால் அத்தனை கேஸும் அங்கேயே தேங்கி நின்றது. "சின்ன ஓட்டைதானே மாப்ளே" என்றார்.

சிலிண்டர் 5 கிலோ போதும். அடையாள அட்டையைக் காட்டினால் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வைக்காதீர்கள், அது வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்தது. பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றி ஊற்றித் தருகிறேன் என்பவர் பக்கமே போகாதீர்கள். வாங்கும்போது கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும், அது மறுசோதனைக் கெடு: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், படுத்தால் திரவமாகவே குழாய்க்குள் இறங்கும், அது ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும். கட்டுகிற பெல்ட்டை பிளைவுட்டில் திருகாதீர்கள், வண்டியின் இரும்போடு போல்ட் போடுங்கள்.

ரெகுலேட்டர் அந்த சிலிண்டருக்கே உரியதாக, 30 மில்லிபார் அழுத்தம் கொடுக்கும் வீட்டு வகையாக இருக்கட்டும். டீக்கடை ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேனுக்கு வேண்டவே வேண்டாம். அங்கிருந்து செம்புக் குழாய் வரைக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாமல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே கம்பி இருக்கிறது என்று அசட்டையாக விடாதீர்கள், வைக்கோல் போர் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிற ஊர் நம்முடையது, எலி முதலில் ருசி பார்ப்பது டியூபைத்தான். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் விரலால் தடவிப் பாருங்கள்.

செம்புக் குழாய் வேலைக்கு பிளம்பரைவிட ஏசி மெக்கானிக் நல்லவர், ஃபிளேர் அடிக்கும், அதாவது குழாய் முனையைப் புனல் மாதிரி விரிக்கும் கருவியும் கையும் அவரிடம்தான் இருக்கும். மூணு பை எட்டு இஞ்ச் குழாய், வேனின் அடியில் சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாக, பெட்டியிலிருந்து அடுப்பு வரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப், தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம், இல்லையென்றால் குலுக்கலில் தகடே குழாயை அறுத்துவிடும். ஃபிளேர் நட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அங்கே அடைப்பது மரை இல்லை, செம்பும் பித்தளையும் அமுங்கி உட்காருவதுதான். ஈயப்பற்றும் ஆகாது, தீ என்று ஒன்று வந்தால் முதலில் உருகுவது அதுதான். அடுப்புக்கு முன்னால் கை எட்டுகிற இடத்தில் ஒரு வால்வு.

இப்போது சோதனை. கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூப் ஒன்று வாங்கி, யு வடிவில் பலகையில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்புப் பக்கக் குழாயில் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து வாயால் ஊதுங்கள், இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததும் அடைத்துவிடுங்கள். 30 மில்லிபார் என்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான், நுரையீரலே போதும். ஐந்து நிமிடம் விட்டுக் கோடு போட்டு, அப்புறம் கால் மணி நேரம் பாருங்கள். கோட்டை விட்டு இறங்கினால் எங்கேயோ கசிகிறது. விடியற்காலையில் நிழலில் செய்யுங்கள், வெயில் ஏறினால் காற்று விரிந்து கணக்கே தப்பும். இதில் தேறிய பிறகுதான் கேஸ், அப்போது ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்பு நுரை. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறேன் என்பவரை வேனை விட்டு இறக்கிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் கேஸ் மெக்கானிக் ஒருவரை வைத்து மறுபடி பாருங்கள், நம் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் படும்.

அடுப்பில், தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் வசதி இருந்தால் இரட்டிப்பு நல்லது. கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள், மேலே மாட்டினால் அது கத்துவதற்குள் கால் முழுக்க கேஸில் நிற்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, காற்றோட்டம் இல்லாமல் அடுப்பு எரிந்தால் வரும் வாசனையில்லாத விஷவாயுவுக்கானது, நாம் படுத்தால் மூக்கு இருக்கிற உயரத்தில் அதை மாட்டுங்கள். ஐப்பசி மழையில் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு சமைக்கும் பழக்கத்துக்குத்தான் இது, மேலும் கீழும் காற்று வழி இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் சும்மா நின்ற வண்டி என்றால் பர்னர் குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் அதைத்தான் சந்தேகப்படுங்கள். பர்னரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள், ஜெட் ஓட்டையில் ஊக்கை விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

வண்டி அமைப்பை மாற்றுவதால் ஆர்.டி.ஓ. அனுமதியும் தேவை, வேலை தொடங்கும் முன்பே விசாரியுங்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், அணைக்கக்கூட வேண்டாம். சிலிண்டரை மூடி, எல்லாக் கதவையும் திறந்து, எல்லோரையும் இறக்கி, தள்ளிப்போய் நின்று கேஸ் கசிவு அவசர எண்ணான 1906க்குப் போன் பண்ணுங்கள். வண்டி ஓடும்போதும் தூங்கும்போதும் சிலிண்டர் மூடியே இருக்க வேண்டும். நாங்கள் சாவியையே சிலிண்டர் பெட்டிக் கொக்கியில்தான் மாட்டி வைக்கிறோம், அங்கே போகாமல் யாராலும் வண்டியை எடுக்க முடியாது, கூடவே சாக்கு இருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துவிடலாம்.