ஊருக்குப் போனால் முதல் வாரமே வங்கிக்குப் போங்கள்

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போகிற நம்மில் பலரும் வங்கி வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிடுகிறோம். கல்யாணம், குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் முடிந்து, விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போதுதான் பழைய பாஸ்புக்கைத் தேடுவோம். கிளையில் ஒரு ஜெராக்ஸ் குறையும், இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி லீவில் இருப்பார். "திங்கட்கிழமை வாங்க" என்பார்கள். திங்கட்கிழமை நாம் துபாயிலோ டொரன்டோவிலோ இருப்போம். அந்த வேலை அடுத்த பயணம் வரை அப்படியே கிடக்கும்.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், வங்கிக் கணக்கை வைத்துவிட்டு வெளிநாட்டில் வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கைக் கணக்குகளுக்கு விதிகள் வேறு. ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு முழுக் காலைப் பொழுதை வங்கிக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. பொங்கலுக்குப் போகிறவர்கள் அந்த வாரத்தில் வரிசையாக வரும் விடுமுறைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1ஆம் தேதி ஆண்டுக் கணக்கு முடிப்பு, அன்றும் வாடிக்கையாளர் வேலை நடக்காது.

எனக்கு இது புரிந்தது ஒரு கையெழுத்தால். கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா கூட்டிக்கொண்டு போய்த் திறந்து கொடுத்த கணக்கு அது. பல வருடம் கழித்து முகவரி மாற்றப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண்மணி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மாதிரிக் கையெழுத்து இருந்த இடத்தில், பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக, கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல எழுதியிருந்தேன். நான் நீட்டிய படிவத்திலோ வெளிநாட்டில் பழகிப்போன ஆங்கிலக் கிறுக்கல். "ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி சார் எழுதறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பாஸ்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தைக் காட்டி, புதிய மாதிரிக் கையெழுத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, அது பதிவாக நான்கு நாள் ஆனது. முதல் வாரம் என்பதால் தப்பித்தேன். உங்கள் கணக்கும் பள்ளி, கல்லூரிக் காலத்துக் கணக்கு என்றால் முதலில் கையெழுத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, அது எந்த வகைக் கணக்கு என்பது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ, எப்போது திரும்புவோம் என்ற நிச்சயம் இல்லாமலோ வெளிநாடு போனவர், ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, புறப்பட்டதிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவராகிறார். படிக்கப் போன மாணவர்களையும் ரிசர்வ் வங்கி அப்படித்தான் கருதுகிறது. "182 நாள் ஆகட்டும், பார்க்கலாம்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்த நாள் கணக்கை வருமான வரிச் சட்டத்திலிருந்து எடுத்துவந்து இங்கே போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது விதிமீறல். அதை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். சட்டத்தில், சம்பந்தப்பட்ட தொகையைப் போல 3 மடங்கு வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாமாகப் போய்ச் சொன்னால் ஒரு படிவம், பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதி, வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் கார்டு, புகைப்படம் என்ற அளவில் முடிகிற வேலை இது. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது சில வங்கிகளில் பழைய கணக்கு எண்ணே தொடரும், சிலவற்றில் புதிய எண் கிடைக்கும். புதிய எண் என்றால் அதே நாளில் ஒரு தாளில் எழுதுங்கள்: எல்.ஐ.சி. பிரீமியம், வீட்டுக் கடன் தவணை, மியூச்சுவல் ஃபண்ட், வாடகை போடுகிறவர் என்று பழைய எண்ணை நம்பி ஓடிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும். ஒன்று விட்டுப்போனாலும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வருகிற பணம், அதாவது வாடகை, பென்ஷன், டிவிடெண்ட், பழைய சேமிப்பு, எல்லாம் என்.ஆர்.ஓ.வில். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புகிற பணம் என்.ஆர்.இ.யில். என்.ஆர்.இ.யில் இருப்பதை அசலும் வட்டியுமாக எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம், அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் டி.டி.எஸ். ஆக, அதாவது வட்டி தரும்போதே, பிடித்துவிடுவார்கள். அதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுமதி உண்டு. வரி கட்டியதற்கான ஆவணங்கள் வேண்டும், தொகையைப் பொறுத்து ஆடிட்டர் சான்றிதழும் கேட்பார்கள்.

அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று உண்டு. ஊரில் நண்பருக்குக் கொடுத்த கடனை அவர் ரொக்கமாகத் திருப்பித் தருவார், அதைக் கொண்டுபோய் என்.ஆர்.இ. கணக்கில் போடப் பார்ப்போம். ரூபாய் ரொக்கத்தை என்.ஆர்.இ.யில் போட முடியாது. அது என்.ஆர்.ஓ.வுக்குத்தான் போக வேண்டும். நீங்கள் கையில் கொண்டுவந்த டாலர், பவுண்டு நோட்டுகளை என்.ஆர்.இ.யில் போடலாம். ஆனால் நோட்டுகள் மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, டிராவலர்ஸ் செக் போன்றவற்றையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் அறிவித்து அதற்கான படிவத்தை வாங்கியிருக்க வேண்டும். இறங்கிய களைப்பில் அந்தக் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், பிறகு வங்கியில் அந்தப் படிவத்தைக் கேட்கும்போது கையில் இருக்காது.

என்.ஆர்.ஓ. வட்டியில் பிடிக்கிற வரியைக் குறைக்க வழி இருக்கிறது. பலரும் அதைக் கேட்பதே இல்லை. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டில் வசித்தால், அந்த நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, வங்கி கேட்கிற படிவத்தோடு ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 15 சதவீதம், அமீரகத்தில் 12.5, ஜெர்மனியில் 10 என்று ஒப்பந்த விகிதம் இருக்கிறது. கூடுதலாகப் பிடித்த வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறவும் முடியும்.

இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றால் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ வரி வசிப்பாளராக இருந்தால் அங்கே அதை வருமானமாகக் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள், எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பும் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கிற ஜாயின்ட் கணக்கும் இதில் சேரும். இந்திய வங்கிகள் தருகிற இந்த விவரங்களை இந்திய வரித்துறை பல நாடுகளோடு பகிர்கிறது. அதனால்தான் வங்கியில் உங்கள் வெளிநாட்டு வரி எண்ணைக் கேட்கிறார்கள்.

வருடக் கணக்கில் தொடாமல் விட்ட கணக்கு என்ன ஆகும்? இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்காகிவிடும். வங்கி போடுகிற வட்டியும் வங்கி பிடிக்கிற கட்டணமும் பரிவர்த்தனைக் கணக்கில் வராது. பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனாலும் அது உங்கள் பணம்தான், வங்கி மூலம் கேட்டுத் திரும்ப வாங்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் போடக் கூடாது, அதை மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணமும் வாங்கக் கூடாது. கே.ஒய்.சி. எனப்படும் அடையாள, முகவரிச் சான்று ஆவணங்களை எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கவுண்டரில் வேறு மாதிரி சொன்னால் பணிவாக இந்த விதியை நினைவூட்டுங்கள்.

ஊரில் இருக்கும்போது பெரியவர்களின் பீரோவையும் ஒருமுறை பாருங்கள். தாத்தா பெயரில் ஒரு பாஸ்புக், மஞ்சளாகிப்போன ஒரு டெபாசிட் ரசீது, வேட்டி மடிப்புக்குள் இருக்கும். ரசீதில் உள்ள வங்கியின் பெயரே இன்று இல்லாமல் போயிருக்கலாம். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்துவிட்டது. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் அதே 2020 ஏப்ரலில் சேர்ந்தன. பெயர் போனாலும் பணம் போகவில்லை, இணைந்த வங்கியில் கேட்க வேண்டும். கேட்பாரற்ற டெபாசிட்டுகளைத் தேடவென்றே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெயரோடு பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஒரு விவரம் கொடுத்தால் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடும். அம்மா, அப்பாவை பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தேடுங்கள். எந்தப் பெயரில், எந்த இனிஷியலில் கணக்கு திறந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி, வெளிநாட்டில் இருந்துகொண்டு கணக்கை ஓட்டுவதைப் பார்ப்போம். என் அனுபவத்தில் இதில் பாதிச் சிக்கல் செல்போன் எண்ணில்தான். ஓ.டி.பி. வராவிட்டால் எதுவும் நகராது. இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் எண் ரத்தாகி, பின்னால் வேறு ஒருவருக்குப் போய்விடும். அதன்பிறகு உங்கள் கணக்குக்கான ஓ.டி.பி. யாரோ ஒருவரின் போனில் விழும். சிம்மைக் காப்பாற்ற முடியாது என்றால், வெளிநாட்டு எண்ணையே கணக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள். என்.ஆர்.ஐ. கணக்குகளுக்கு இதைச் செய்து தருகிறார்கள். மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். யு.பி.ஐ.யும் கிடைக்கிறது. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் ஆகிய 10 நாட்டு எண்களோடு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை இணைக்க 2023இல் வழி திறந்தார்கள், பிறகு பட்டியல் நீண்டது. உங்கள் வங்கியும் செயலியும் இதற்குத் தயாரா என்று கிளையிலேயே கேட்டு, ஊரில் இருக்கும்போதே ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்.

பெற்றோர் செலவுக்காக ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துவிட்டு வருவதும், கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் நான்கை அலமாரியில் வைத்துவிட்டு வருவதும் நம் வீடுகளில் சாதாரணம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஏமாற்றுக்காரன் போனில் அழைத்து வயதானவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டால் பொறுப்பு நம் தலையில் விழும். இதற்கு ஒழுங்கான ஏற்பாடுகள் இருக்கின்றன. கணக்கை இயக்க அனுமதிக்கும் மேன்டேட் கடிதம் அல்லது பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்தால் உங்கள் சார்பில் ஊருக்குள் பணம் கொடுக்க அவர்களால் முடியும். அந்த அதிகாரத்தை வைத்து உங்கள் பணத்தை யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. நெருங்கிய உறவினரை ஜாயின்ட்டாகவும் சேர்க்கலாம், ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்ற முறையில். நீங்கள் இருக்கும்வரை கணக்கை இயக்குவது நீங்கள், உங்களுக்குப் பிறகு அவர்.

நாமினி இருக்கிறாரா என்று கேட்டு, பாஸ்புக்கில் அச்சிட்டு வாங்குங்கள். திருமணத்துக்கு முன் திறந்த கணக்கில் இன்னும் அப்பாவோ, காலமாகிவிட்ட பாட்டியோ நாமினியாக இருப்பார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினியாக வைக்கலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொடுக்கிற பொறுப்பாளர் மட்டும்தான், சொத்து வாரிசுகளுக்கு உரியது. இதை வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை பேசிவிடுங்கள். பெரிய தொகையை ஒரே வங்கியில் குவிக்காதீர்கள். வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான்.

பயணம் போக முடியாத வருடத்தில் கே.ஒய்.சி. கெடு வந்துவிட்டால், ஆவண நகல்களில் இந்தியத் தூதரகத்திலோ, அந்த நாட்டு நோட்டரியிடமோ, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளையிலோ சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கிளைகள் உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் தொடங்கியதே காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில்தான். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் ஊரில் கணக்கு வைத்திருப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள் அதையும் வங்கியில் சொல்ல வேண்டும். என்.ஆர்.இ. கணக்கை வசிப்பாளர் கணக்காக மாற்றலாம், வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்றலாம்.

வேலை செய்கிற நாட்டுக்குத் திரும்பிய வாரமே, அங்கிருந்து ஒருமுறை நெட்பேங்கிங்கில் நுழைந்து பாருங்கள். நூறு ரூபாய் அனுப்புங்கள், ஓ.டி.பி. வருகிறதா, பணம் போய்ச் சேருகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது தடங்கல் என்றால் கிளையில் உங்கள் படிவத்தை வாங்கியவருக்கு இன்னும் உங்களை ஞாபகம் இருக்கும், அன்றைக்கே அழைத்துக் கேளுங்கள்.