பெரட்டுக் களத்தில் மூளையியல்: மண்டோர்களும் மேலாளர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜூந்தைக்கு அருகே, நான் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்தில், ஒரு நாள் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டின்போது மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர், முந்தைய நாள் பழம் உதிரும் அளவுக்குப் பழுக்காத காய்க்குலையை வெட்டியவரின் பெயரைச் சொல்லி அழைத்து, அந்தக் குலையை எல்லார் முன்னிலையிலும் தூக்கிப் பிடிக்கச் செய்தார். குலையின் முட்கள் உள்ளங்கையில் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தாமல் அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். மறுநாளிலிருந்து காய்க்குலை வருவது குறைந்தது உண்மைதான். ஆனால் சிறிதும் ஐயமுள்ள குலையை எவரும் தொடாததால், பழுத்த குலைகள் பலவும் மரத்திலேயே தங்கிவிட்டன.

சில மாதங்களுக்குப் பின் அதே மண்டோர் பட்டணத்தில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிக்குச் சென்று, “அவமானமும் உடல் வலியும் மூளைக்கு ஒன்றுதான்” என்று கேட்டு வந்தார். அன்று முதல் அவர் எவரிடமும் எந்தத் தவற்றையும் சொல்லவில்லை. முதலில் செய்தது தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதும் தவறே என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் கேட்டு வந்த செய்தியின் வேர் 2003-இல் நயோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன், கிப்ளிங் வில்லியம்ஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்கள் திரையில் பந்து எறியும் விளையாட்டு ஒன்றை ஆடினார்கள். சிறிது நேரத்தில், உடன் ஆடுவதாகச் சொல்லப்பட்ட மற்ற இருவரும் அவர்களுக்குப் பந்தைத் தராமல் ஒதுக்கினார்கள். அப்போது, உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட முன் சிங்குலேட் புறணி என்னும் மூளைப் பகுதியின் மேற்புறத்தில் செயல்பாடு கூடியது. கலந்துகொண்டவர்களோ 13 பேர் மட்டுமே. பின்னர், 2014-இல் சூங்-வான் வூ, டோர் வேகர் குழுவினர் அந்தச் செயல்பாட்டின் நுண்ணிய வடிவங்களை ஒப்பிட்டபோது, உடல் வலியின் வடிவமும் காதலில் கைவிடப்பட்ட துயரத்தின் வடிவமும் வேறு வேறாகவே இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் குடியிருப்பதால் அவை ஒரே குடும்பம் ஆகிவிடா. ஒதுக்கப்படுவது மனிதரை வருத்தும் என்பதில் ஐயமில்லை. அதற்காகத் தவற்றைச் சுட்டுவதே காயப்படுத்துவது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, மூளையின் பகுதியைக் காட்டி உள்ளத்தின் உணர்வை அறிவித்துவிடுவதாகும். அதே சிங்குலேட் பகுதி, பிழையைக் கண்டறியும்போதும், இரண்டு விருப்பங்கள் மோதும்போதும், கடினமான கணக்கைப் போடும்போதும் செயல்படுகிறது. இத்தகைய பின்னோக்கிய ஊகத்தைப் பற்றி மூளை ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் 2006-லேயே எச்சரித்தார். தொழிலாளி ஏன் முகம் வாடியிருக்கிறார் என்பதை அறிய, அவரையே கேட்பதைவிட நேரான வழி வேறில்லை.

ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதை மூக்கு வழியே செலுத்தினால் நம்பிக்கை கூடும் என்ற 2005 ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2020-இல் மேலும் அதிகமானோரைக் கொண்டு செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டவில்லை. ‘நம்பிக்கை ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் கூட்டங்கள்’ என்று விற்கப்படும் பயிற்சிகளுக்குத் தோட்ட நிர்வாகங்கள் பணம் செலவிட வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு மிகுந்த கவலை தருவது, இந்த மூளையியல் அறிவைக் கூலிக்கு மாற்றாகப் பயன்படுத்தும் போக்குதான். 2003-இல் ஆலன் சான்ஃபியும் உடனிருந்தோரும் செய்த பங்கீட்டு விளையாட்டில், பங்கிடுபவர் 10 டாலரில் ஓரிரு டாலரை மட்டும் தந்தபோது பலர் அதையும் வேண்டாம் என்று மறுத்தார்கள். அதே பங்கைக் கணினி தந்தபோது மறுப்பு குறைவாக இருந்தது. மனிதர் செய்யும் அநியாயம் பணக்கணக்கைக் கடந்து உறைக்கிறது. ஆகவே வெட்டிய குலைகளின் எடைக் கணக்கை மறைத்துவிட்டு, இந்தோனேசியத் தொழிலாளிக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் தோளில் தட்டிப் பாராட்டுச் சொல்வது எடுபடாது. அன்றன்று எத்தனை குலை, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்பதை அவரவர் மொழியில் காட்டுவதே முதல் மரியாதை.

அந்த மண்டோர் பிறகு வேறு வழிக்கு வந்தார். காய்க்குலை வெட்டியவரை வேலை முடிந்ததும் தனியே அதே மரத்தடிக்கு அழைத்துச் சென்று, “அண்ணே, கீழே பாருங்க, ஒரு பழம்கூட உதிரலையே” என்றார். பக்கத்து மரத்தடியில் கிடந்த உதிரிப் பழங்களை இருவரும் குனிந்து எண்ணினார்கள்.